ஆவடியா, தாம்பரமா?

ஆவடியின் பின்கோடு 600054. அவசரத்தில் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினால் 600045. அது தாம்பரம். ஆவடியின் கடைசி 4-க்குப் பதில் 3 விழுந்தால் அம்பத்தூர். எல்லாமே உண்மையான பின்கோடுகள் என்பதால் செல்போன் செயலி மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும். பார்சல்தான் ஊர் மாறிப் போகும்.

நாம் தட்டும் எண்ணைச் செயலி முதலில் வடிவத்தை வைத்துச் சோதிக்கிறது. பின்கோடு என்றால் ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்காது. செல்போன் எண் என்றால் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையிலான ஒன்றில் தொடங்கும். எண் கீபோர்டைக் காட்டிவிட்டாலே போதும் என்று நினைக்கும் நிரலாளர்கள் உண்டு. போதாது. வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது இடைவெளி, +91, 1,00,000-இல் உள்ள காற்புள்ளி எல்லாம் கூடவே வரும். அவற்றைச் சிவப்பு எழுத்தில் கண்டிக்காமல் செயலியே நீக்கிக்கொள்வதுதான் பயனருக்குச் செய்யும் மரியாதை. செல்போன் எண்ணை 32 பிட் முழு எண்ணாகச் சேமிக்கவும் கூடாது. அதன் உச்சவரம்பு 2,14,74,83,647. நம் செல்போன் எண் எதுவும் அதில் அடங்காது.

வடிவம் சரியாக இருந்தும் எண் தவறாக இருக்கலாமே? அதற்காகத்தான் எண்ணுக்குள்ளேயே ஒரு காவல் இலக்கத்தை வைத்தார்கள். ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இன்றும் வங்கி அட்டைகளில் இருக்கிறது. வலக்கோடி இலக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு இடப்பக்கத்து இலக்கம் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். விடை 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் இது பிடித்துவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும்; அவை 0-வும் 9-உம் என்றால் மட்டும் ஏமாந்துபோகும்.

அந்த ஓட்டையையும் 1969-இல் டச்சுக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் அடைத்தார். ஐங்கோணத்தைச் சுழற்றியும் புரட்டியும் கிடைக்கும் பத்து நிலைகளின் கணிதம் அது, அழகான கணிதம். ஆதாரின் 12-ஆவது இலக்கம் இந்த முறையில் வருவதுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றித் தட்டினால், இணைய இணைப்பே இல்லாமல் போன் கண்டுபிடித்துவிடும்.

1972-இல் வந்த பின்கோட்டில் இந்தக் காவல் இல்லை. எனவே செயலி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஆறாவது இலக்கம் விழுந்ததும் பெட்டிக்குக் கீழே ஊர்ப்பெயரைத் தமிழில் காட்டுங்கள். தாம்பரம் என்று கண்ணில் பட்டால் ஆவடிக்காரர் அங்கேயே திருத்திக்கொள்வார்.