பாரதியார் 10 வருஷம் புதுச்சேரியில் இருந்தது ஏன்? அங்கே வாழ்க்கை எப்படிப் போச்சு?

1908-ல் 'இந்தியா' பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சென்னையில் கைதானார். அடுத்த குறி தான்தான்னு தெரிஞ்சதும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார் பாரதியார்.

நிம்மதி கிடைச்சதா?

பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது. ஆனா சி.ஐ.டி. ஆட்கள் பின்தொடர்ந்தாங்க, தபால்களைப் பிரிச்சாங்க. பிரிட்டிஷ் பகுதிக்குள் தடை வந்ததால் 1910-ல் 'இந்தியா' நின்றது. வருமானம் போச்சு; நண்பர்கள் உதவியில்தான் குடும்பம் ஓடியது.

எழுத்து நின்றதா?

இல்லை. அரவிந்தர், வ.வே.சு. ஐயருடன் பேச்சு, மாலையில் கடற்கரைன்னு நாட்கள் நகர்ந்தன. 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' மூன்றும் இங்கே பிறந்தவை. கொரியாவிலும் இப்படி ஒருவர் உண்டு. 1801 முதல் 1818 வரை தலைநகரை விட்டு விரட்டப்பட்டிருந்த கன்பூசிய அறிஞர் சோங் யாக்-யோங், முக்கிய நூல்களை அப்போதுதான் எழுதினார்.

திரும்பியபோது?

1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது. பத்து வருஷமாகியும் பிரிட்டிஷ் அரசு அவரை மறக்கலை.