சர்வரை அணைச்சா கேம் போச்சு! பழைய 'வெர்ஷனை' காப்பாற்ற மல்லுக்கட்டும் ரசிகர்கள்

கோவை:
2020-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் செல்போனும் கையுமாக திரிந்த பசங்களுக்கு அது ஒரு கறுப்பு நாள். 'பப்ஜி மொபைல்' கேம் இந்தியாவில் அடியோடு நின்று போனது அன்றைக்குத்தான்.

மத்திய அரசு 118 ஆப்களுக்கு தடை போட்டது அதற்கு முன்பே, செப்டம்பர் 2-ந் தேதி. பப்ஜியும் அந்த பட்டியலில் இருந்தது. புதிதாக யாரும் டவுன்லோடு செய்ய முடியாதபடி அது தூக்கப்பட்டது. ஆனாலும் ஏற்கனவே போனில் ஏற்றி வைத்திருந்தவர்கள் அவர்கள் பாட்டுக்கு ஆடிக் கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து கம்பெனி இந்தியாவுக்கான சர்வர் கதவை சாத்தியது. கதை முடிந்தது.

போனில் ஆப் அப்படியேதான் இருந்தது. படம் இருந்தது, சத்தம் இருந்தது. ஆட்டம் மட்டும் இல்லை.

வாரக் கூலியில் மிச்சம் பிடித்து துப்பாக்கிக்கு கலர், பொம்மைக்கு டிரஸ் என்று வாங்கி சேர்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கினது எப்படிங்க காணாம போகும்? நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் கசக்கும்.

குழாய் நம்முது, தண்ணி அவங்களுது!

கோவை வீடுகளில் சிறுவாணி குழாய் இருக்கிறது. குழாய் நம்முடையது. தண்ணீர் இருப்பது அணையிலும் மேல்நிலை தொட்டியிலும். அங்கே வால்வை மூடினால், வீட்டில் பித்தளை குழாய் போட்டிருந்தாலும் காற்றுதான் வரும்.

ஆன்-லைன் கேமும் அப்படித்தான். போனில் இருக்கும் ஆப் வெறும் குழாய். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது, யாரிடம் எத்தனை பாயின்ட், யார் என்ன டிரஸ் வாங்கினார் என்ற கணக்கு முழுவதும் எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்குத்தான் சர்வர் என்று பெயர். நாம் கொடுக்கும் காசுக்கு கிடைப்பது பொருள் அல்ல, பயன்படுத்திக் கொள்ளும் அனுமதி. நாம் படிக்காமலே 'ஓ.கே.' தட்டும் அந்த நீள நீளமான நிபந்தனையில் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பப்ஜி விஷயத்தில் ஒரு நல்லது நடந்தது. 2021 ஜூலையில் கிராப்டன் என்ற கொரிய கம்பெனி இந்தியாவுக்கென 'பிஜிஎம்ஐ' கேமை கொண்டு வந்தபோது, பழைய பப்ஜி கணக்கை அதற்கு மாற்றிக் கொள்ள குறிப்பிட்ட காலம் அவகாசம் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் 54 ஆப்களோடு 'பிரீ பயர்' தடை செய்யப்பட்டபோதும், தடையில் சிக்காத 'பிரீ பயர் மேக்ஸ்' கேமில் அதே கணக்கு வேலை செய்தது.

அடி வாங்கியது சின்ன போன்காரர்கள். 'பப்ஜி மொபைல் லைட்' என்று ஒன்று இருந்தது. 100 பேருக்கு பதில் 60 பேர், சின்ன மேப். ஆயிரம் கோளாறு உள்ள விலை குறைந்த போனிலும் ஓடும். அதுவும் அதே தடை பட்டியலில் போனது. 2021-ல் பிஜிஎம்ஐ வந்தபோது கூடவே லைட் வரவில்லை. புது கேமை ஆட புது போன் வாங்க வேண்டிய நிலை.

புதுசு வந்து பழசை விழுங்கும்

தடையால் நிற்பது ஒரு வகை. தடையே இல்லாமல், 'அப்டேட்' என்ற பெயரில் புது வெர்ஷன் வந்து பழசை விழுங்கி விடுவது இன்னொரு வகை. உலகம் முழுக்க பெரிய சண்டை நடந்தது இதற்காகத்தான்.

அமெரிக்காவின் பிளிசார்ட் கம்பெனி 2004 நவம்பரில் 'வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்' என்ற கேமை வெளியிட்டது. மாத சந்தா கட்டி ஆட வேண்டும். ஒரே ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக வாழ்வது போன்ற ஆட்டம். 2010-ல் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தை தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் 'கேட்டகிலிசம்' என்ற அப்டேட் வந்தது. பழைய ஊர், ரோடு, காடு எல்லாம் இடித்து மாற்றப்பட்டன. மேம்பாலம் வந்த பிறகு பழைய காந்திபுரத்தை தேடினால் கிடைக்குமா? அந்த கதைதான். ஆறு வருஷம் சுற்றித் திரிந்த இடத்தை இனி பார்க்கவே முடியாது என்று ஆகி விட்டது.

'பழசையும் ஒரு ஓரமாக ஓட விடுங்கள்' என்று ரசிகர்கள் கெஞ்சினார்கள். 2013-ல் கம்பெனி நடத்திய விழாவிலேயே ஒருவர் எழுந்து கேட்டார். வேண்டும் என்று உங்களுக்கு தோன்றுகிறது, உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம் என்கிற மாதிரி பதில் வந்தது. பசிக்குது என்பவனிடம் உனக்கு பசியே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இந்நிலையில் 2015-ல் 'நாஸ்டால்ரியஸ்' என்ற பெயரில் சில ரசிகர்கள் தாங்களே ஒரு சர்வரை அமைத்து பழைய வெர்ஷனை ஓட விட்டனர். அனுமதி கிடையாது, கட்டணமும் கிடையாது. 8 லட்சம் பேர் பெயர் பதிந்தனர். ஒன்றரை லட்சம் பேர் தொடர்ந்து ஆடினர். விடுமா கம்பெனி? வக்கீல் நோட்டீஸ் பறந்தது. 2016 ஏப்ரல் 10-ந் தேதி சர்வர் மூடப்பட்டது.

அதோடு அடங்கி விடும் என்று நினைத்தால், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்து போட்டார்கள். கம்பெனியே இறங்கி வந்து, மூடப்பட்ட சர்வரை நடத்தியவர்களை அழைத்து பேசியது. 2017 நவம்பரில் 'பழசை நாங்களே தருகிறோம்' என்று அறிவிப்பு. 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்ற பெயரில் 2006-ம் ஆண்டு வெர்ஷன் மறுபடி ஓடத் தொடங்கியது. பழைய தகவல்களை எடுத்து புதிய சாப்ட்வேரில் பொருத்தி ஓட்டினார்கள். பழைய அம்பாசிடர் பாடிக்கு புது இன்ஜின் வைத்த மாதிரி.

நிரந்தர சர்வர்

ஆனால் இரண்டே வருஷத்தில் அதே தலைவலி திரும்ப வந்தது. 2021-ல் கிளாசிக்கின் அடுத்த கட்டத்தை கம்பெனி கொண்டு வந்தது. அப்படியானால் முதல் கட்டம் மறுபடியும் அழியுமா? இந்த முறை அழிக்கவில்லை. 'கிளாசிக் எரா' என்ற பெயரில் நிரந்தர சர்வர் வைத்தார்கள். அங்கே புது கட்டம் எதுவும் வராது, ஆட்டம் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் கேரக்டர் அங்கேயே இருக்கட்டுமா, புது கட்டத்துக்கு போகட்டுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டிலும் வேண்டும் என்றால்? நகல் எடுக்க 35 டாலர் என்றார்கள். அன்றைய கணக்கில் சுமார் ரூ.2,500. நாமே வளர்த்த கேரக்டருக்கு நம்மிடமே ஜெராக்ஸ் காசு! ரசிகர்கள் திட்டித் தீர்க்கவே 15 டாலராக குறைத்தனர்.

2022-ல் மூன்றாம் கட்டம் வந்தபோது, இரண்டாம் கட்டத்துக்கு இப்படி நிரந்தர சர்வர் வைக்கவில்லை. எந்த வெர்ஷன் வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்ற முடிவு கடைசி வரை கம்பெனி கையில்தான்.

இங்கிலாந்தின் 'ரூன்ஸ்கேப்' கேமுக்கு அடித்தது அதிர்ஷ்டம். 2012-ல் சண்டை போடும் முறையையே மாற்றியதால் ரசிகர்கள் கொதித்தனர். ஜாகெக்ஸ் கம்பெனியிடம் 2007 ஆகஸ்டில் எடுத்த ஒரு காப்பி தப்பி இருந்தது தெரிய வந்தது. ஓட்டெடுப்பு வைத்தார்கள். சுமார் 4.5 லட்சம் ஓட்டு விழுந்தது. 2013 பிப்ரவரி 22-ந் தேதி பழைய வெர்ஷன் 'ஓல்டு ஸ்கூல்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. புதிதாக எதையாவது சேர்க்க வேண்டுமானால் ஆட்டக்காரர்களிடம் ஓட்டு கேட்கும் வழக்கமும் வந்தது. முதலில் 75 சதவீதம் தேவை, 2022-ல் அதை 70 ஆக்கினர். அந்த ஒரு காப்பியை யாராவது அழித்திருந்தால் இத்தனையும் இல்லை.

கம்பெனி ஏன் தயங்குது?

கம்பெனி பக்கமும் கொஞ்சம் கேட்க வேண்டும். சர்வருக்கு கரன்ட் பில் உண்டு, ஆள் சம்பளம் உண்டு. பழைய சாப்ட்வேரில் ஓட்டை இருந்தால் திருடர்கள் புகுந்து விடுவார்கள், அதை அடைத்துக் கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட பெரியது ஆள் பிரச்சினை. அவிநாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்களை துடைத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பார்க்க ஆள் வராவிட்டாலும் கார் கார்தான். ஆன்-லைன் கேமை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. பப்ஜி ஒரு ஆட்டத்துக்கே 100 பேர் வேண்டும். பழசுக்கு பாதி, புதுசுக்கு பாதி என்று கூட்டம் பிரிந்தால் இரண்டிலும் ஆட்டம் கட்டாது.

சொந்த கிணறு

இதில் கில்லாடி 'கவுன்டர் ஸ்டிரைக்' கேம்தான். பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடிய தலைமுறைக்கு சொல்லவே வேண்டாம். அதன் 1.6 வெர்ஷன் வந்தது 2003-ல். அதற்கு பிறகு எத்தனையோ வந்தாச்சு. 2023 செப்டம்பரில் 'சிஎஸ்-2' வந்து முந்தைய 'சிஎஸ்-கோ' இடத்தை பிடித்தது. ஆனால் 20 வருஷத்தை தாண்டிய 1.6 இன்னும் ஓடுகிறது.

காரணம் ரொம்ப சிம்பிள். அதன் சர்வர் சாப்ட்வேரை கம்பெனி ஆட்டக்காரர்கள் கையிலேயே கொடுத்து விட்டது. ஒரு கம்ப்யூட்டரை சர்வராக்கி, மற்றவற்றை கேபிளால் இணைத்தால் இன்டர்நெட்டே இல்லாமல் ஆடலாம். சிறுவாணி வராவிட்டாலும் சொந்த கிணற்றில் இறைப்பது போல. கம்பெனி நாளைக்கே கடையை கட்டினாலும் இந்த ஆட்டம் நிற்காது.

ஐரோப்பாவில் இப்போது கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். 'தி குரூ' என்ற கார் ரேஸ் கேமை யுபிசாப்ட் கம்பெனி 2024 மார்ச் 31-ந் தேதி மூடியது. தனியாக ஆடுவதற்குக் கூட சர்வர் தேவைப்பட்ட கேம் அது. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இதையடுத்து ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தை தொடங்கினார். சர்வரை காலத்துக்கும் நடத்தச் சொல்லவில்லை, மூடும்போது நாங்களே ஆடிக் கொள்ள ஒரு வழி விட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஐரோப்பிய யூனியனுக்கு கொடுக்கும் மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து தேவை. 2025 ஜூலையில் கணக்கு முடிந்தபோது 14 லட்சத்தை தாண்டி இருந்தது.

கம்பெனி மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2012 நவம்பரில் மூடப்பட்ட 'சிட்டி ஆப் ஹீரோஸ்' கேமை ரசிகர்கள் அனுமதி இல்லாமல் ஓட்டி வந்தனர். 2024 ஜனவரியில் அந்த குழுவுக்கு கொரியாவின் என்சிசாப்ட் கம்பெனியே முறைப்படி லைசென்ஸ் கொடுத்து விட்டது.

உஷார்!

பழைய வெர்ஷன் ஆசையை வைத்து ஏமாற்றும் கூட்டமும் உண்டு. 'பழைய பப்ஜி', 'லைட் திரும்ப வந்தாச்சு' என்று வாட்ஸ்-அப்பில் வரும் ஏபிகே பைலை ஏற்றினால், கேமுக்கு பதில் போனில் திருட்டு சாப்ட்வேர் உட்காரலாம். கேம் ஆட எஸ்எம்எஸ் பார்க்கும் அனுமதி எதற்கு? அதை கேட்டாலே அழித்து விடுங்கள், ஓடிபி அந்த வழியாகத்தான் போகும். கேம் கணக்கை கெஸ்ட் லாகினில் விடாமல் மெயில் ஐடியோடு இணைத்து வைப்பது நல்லது. கேமை மாற்றும்போது பழைய கணக்கை கொண்டு வர கம்பெனி அவகாசம் கொடுத்தால், பாஸ்வேர்டு கையில் இருப்பவர்களுக்குத்தான் அது பயன்படும்.