டிராக்டர் எஞ்சினின் ஓசை அறிவிப்பது யாது?

உழவு மும்முரமாக நடைபெறும் வேளையில் டிராக்டர் பழுதுபட்டு நின்றால் பருவமே தவறிவிடக்கூடும். பெரும்பழுதுகள் பல முதலில் ஓசையாகவே தம்மை அறிவிக்கின்றன. ஆகையால், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டும்பொழுது எழும் புதிய ஓசையை உழவர்கள் உற்றுக் கேட்டல் வேண்டும்.

கிறீச்சென்ற ஒலி, விசிறி பெல்ட் தளர்ந்திருப்பதைக் காட்டும். எஞ்சினை நிறுத்திய பின்னரே அதனை இறுக்க வேண்டும். வெடிப்புக் கண்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். எஞ்சினின் மேற்புறத்தில் 'டிக் டிக்' என்று கேட்பின், வால்வு இடைவெளி மிகுந்திருக்கலாம். கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு அதனைச் சரிசெய்தல் வேண்டும். 'புஸ் புஸ்' என்பது புகைக்குழாய் இணைப்பில் கசிவு. கேஸ்கெட்டை மாற்றினால் நீங்கும். சுமை ஏறுகையில் சுத்தியால் தட்டுவதுபோல் கேட்டால், இன்ஜெக்டரையோ டீசல் பம்பின் டைமிங்கையோ மெக்கானிக் சோதித்தல் வேண்டும்.

இவற்றினும் கொடியது, அடிப்புறத்திலிருந்து வரும் 'தொம் தொம்' என்னும் கனத்த ஓசை. பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறியாகலாம். ஆயில் அழுத்தமும் குறைந்திருப்பின் எஞ்சினை அக்கணமே நிறுத்துக. "இன்னும் நாலு சால் ஓட்டிவிடுவோம்" என்று எண்ணினால், பேரிங்கோடு தீர வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை சென்றுவிடும்.

நாள்தோறும் எஞ்சினை இயக்குமுன் ஆயில் அளவைப் பார்க்கும் வழக்கத்தை, ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊர் ஓட்டுநர்களிடையே பரப்புவார்களாக.