கொடிக்கால் நிலத்துக்கு வரி உண்டா?

லால்பேட்டையில் நிலம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சிறு உடைமைக்காரர்கள். வீராணம் பாசனத்தில் மூன்று மா, நான்கு மா நெல் வயல் இருக்கும். ஊரையொட்டி அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கும். வீட்டில் ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். "விவசாய நிலத்துக்கு ஏதுங்க வரி?" என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரிவது, நிலத்தை விற்ற பிறகு வருமான வரி நோட்டீஸ் வரும்போதுதான்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் சிறு நிலக்காரர்கள் விவசாய நிலத்துக்கான வரிச் சலுகைக்கு மனுப் போட வேண்டும். நியூ ஜெர்சி மாநிலத்தில் 1964 முதல் இருக்கும் சட்டப்படி, குறைந்தது 5 ஏக்கரில் உண்மையாகவே விவசாயம் நடந்தால்தான் சொத்து வரி குறையும். நம் ஊரில் அப்படி ஒரு விண்ணப்பமே கிடையாது. நிலம் எங்கே இருக்கிறது, அதில் என்ன விளைகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் சலுகை அடங்கிவிடுகிறது. விண்ணப்பம் இல்லாததாலேயே நம் ஆட்கள் ஆதாரம் எதையும் சேர்த்து வைப்பதில்லை.

முதலில் நிலவரி. கிஸ்தி என்றும் தீர்வை என்றும் சொல்வது இதைத்தான். நன்செய்க்கு ஒரு விகிதம், புன்செய்க்கு ஒரு விகிதம், தொகை சொற்பம். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. தொகை சின்னது என்று ரசீது வாங்காமல் விடுபவர்கள் உண்டு. பணம் பெரிதில்லை, ரசீது பெரிது. ஏன் என்பது கீழே வரும்.

அடுத்தது உள்ளாட்சியின் வரி. லால்பேட்டை பேரூராட்சி எல்லைக்குள் வீட்டுக்குச் சொத்து வரி, வெறும் மனைக்குக் காலிமனை வரி. உழவுக்கு மட்டுமே பயன்படும் நிலத்தை 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே மனையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தது. ஆகவே பயிர் நிற்கும் கொடிக்காலுக்குக் காலிமனை வரி என்று கேட்பு வந்தால், பட்டாவையும், பயிர் பதிவாகும் அடங்கலையும் வைத்து ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள். கல் நட்டுப் பிளாட் போட்ட பிறகு இந்த வாதம் எடுபடாது.

பெரிய விஷயம் வருமான வரி. இதில் விளைச்சல் வருமானம் வேறு, நிலத்தை விற்ற பணம் வேறு. குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் வருகிறது.

விளைச்சல் வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அரசமைப்புச் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. நெல், வெற்றிலை, கரும்பு விற்ற பணம் இதில் அடங்கும். நீங்களே உழ வேண்டும் என்பதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அறுவடைக்கு இத்தனை மூட்டை என்று நெல்லாகவோ பணமாகவோ வாங்கினாலும் அது விவசாய வருமானம்தான். ஆனால் நிலத்தில் உழவு நடக்க வேண்டும். அதே நிலத்தைச் செங்கல் சூளைக்கு விட்டால், செல்போன் கோபுரம் நிறுத்த வாடகைக்குக் கொடுத்தால், அந்தப் பணத்துக்கு வரி உண்டு. இறால் குட்டை, கோழிப்பண்ணை, பால் மாடு ஆகியவற்றுக்கும் அப்படியே. மாடு வளர்ப்பது விவசாயம் இல்லையா என்று கோபம் வரத்தான் செய்யும். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு மறைமுகக் கணக்கும் உண்டு. சம்பளமோ கடை வருமானமோ அடிப்படை வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் போனால், இரண்டையும் கூட்டி எந்தப் படியில் வருகிறீர்கள் என்று பார்ப்பார்கள். புதிய வரி முறையில், 2025-26 கணக்குப்படி, கடை வருமானம் 14 லட்சம், விவசாயத்தில் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடை வருமானத்துக்கு மட்டும் வரி 90,000. இரண்டையும் கூட்டினால் 16 லட்சம். அதற்கு வரி 1,20,000. அதிலிருந்து, விவசாய வருமானத்தோடு 4 லட்சம் அடிப்படை வரம்பைச் சேர்த்த 6 லட்சத்துக்கான வரி 10,000 கழியும். மிச்சம் 1,10,000. விவசாயப் பணத்துக்கு வரி இல்லை என்று சொல்லிக்கொண்டே, அது இருப்பதால் 20,000 கூடிவிட்டது. செஸ் தனி. கடையோ வேலையோ இல்லாமல் நிலத்தையே நம்பி இருப்பவரை இந்தக் கணக்கு தொடாது. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், பாசனமா மானாவாரியா, சொந்தமா குத்தகையா என்று வருமான வரிப் படிவத்திலேயே கேட்பார்கள்.

இனி விற்பனை. கிராமப்புற விவசாய நிலத்தைச் சட்டம் மூலதனச் சொத்தாகவே கருதுவதில்லை. எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் எது 'கிராமப்புறம்' என்பதை ஊரின் தோற்றம் முடிவு செய்வதில்லை. நகராட்சியோ பேரூராட்சியோ, பெயர் எதுவானாலும், 10,000 பேருக்குக் குறையாமல் வாழும் உள்ளாட்சி எல்லைக்குள் இருக்கும் நிலம் கிராமப்புற நிலம் அல்ல. எல்லைக்கு வெளியேயும் ஒரு வளையம் உண்டு: மக்கள்தொகை ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. பேருந்துப் பாதைக் கணக்கு இல்லை. வானில் நேர்கோடு போட்டு அளப்பது.

இதை நம் பக்கத்தில் பொருத்திப் பாருங்கள். லால்பேட்டையும் காட்டுமன்னார்கோயிலும் பத்தாயிரத்தைத் தாண்டிய பேரூராட்சிகள். இரண்டுக்கும் எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் வளையம். சிதம்பரம் நகராட்சிக்கும் அதே 2. கடலூர் மாநகராட்சி ஒரு லட்சத்தைத் தாண்டியதால் அங்கே 6. தலைமுறை தலைமுறையாக வெற்றிலை பயிராகும் கொடிக்கால், பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் வரிக் கணக்கில் அது நகரச் சொத்து. வளையத்தைத் தாண்டிய ஏதோ ஒரு ஊராட்சியில், ரோட்டோரம் நல்ல விலை போகும் வயல் 'கிராமப்புறம்'. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி இதுதான். காட்டுமன்னார்கோயில் வட்டாரம் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகிறதே என்று கேட்பீர்கள். அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் சில ஆலைகளையும் தடுப்பதற்கு. வருமான வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கோடு நிலையானதும் அல்ல. மக்கள்தொகைக்கு இப்போது கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. 2027 கணக்கெடுப்பின் எண்கள் வெளியான பிறகு சில ஊர்கள் வரம்பைத் தாண்டும். பேரூராட்சியோடு பக்கத்து ஊராட்சியை இணைத்தாலும் வளையம் நகரும். விற்கும் எண்ணம் இருந்தால் மக்கள்தொகைக்கும் தூரத்துக்கும் வருவாய்த் துறையிடம் சான்று வாங்கி, கிரயப் பத்திரத்தோடு வையுங்கள்.

வளையத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் நீங்களோ உங்கள் அப்பா அம்மாவோ அதில் விவசாயம் செய்திருந்து, விற்ற 2 ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதில் போட்ட தொகை வரையிலான ஆதாயத்துக்கு வரி இல்லை. 54பி என்று ஆடிட்டர்கள் சொல்வது இதுதான். வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் புதிதாக வந்திருப்பதால் பிரிவு எண் மாறிவிட்டது. புதிதாக வாங்கிய நிலத்தை 3 ஆண்டுக்குள் விற்றால் சலுகை போய்விடும்.

பட்டாவில் 'நன்செய்' என்று இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சூரத் நகரில் நிலம் விற்ற ஷரீஃபாபீபி என்பவரின் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருந்தும், சில ஆண்டுகளாக உழவே நடக்கவில்லை, வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சதுர கஜக் கணக்கில் விற்றார்கள், எனவே அது விவசாய நிலம் ஆகாது. நம் ஊரில் ஏக்கர் விலை பேசாமல் சென்ட் விலை, சதுர அடி விலை பேசி விற்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். கிஸ்தி ரசீதும், பயிர் பதிவான அடங்கலும், கொள்முதல் நிலையச் சீட்டும், வெற்றிலை மண்டிச் சீட்டும் உழவு நடந்ததற்குச் சாட்சிகள். அடங்கலில் 'தரிசு' என்று ஏறிவிட்டால், உண்மையில் கொடிக்கால் பச்சைப்பசேலென்று நின்றாலும் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. தானமாகப் பெறவும் முடியாது. வாப்பா உயிரோடு இருக்கும்போதே துபாயில் இருக்கும் மகன் பெயருக்கு வயலை ஹிபாவாகவோ தான செட்டில்மெண்டாகவோ எழுதுவது சிக்கலில் முடியும். வாரிசு உரிமையில் வந்து சேர்வதற்குத் தடை இல்லை. அப்படி வந்த நிலத்தை விற்கும்போது இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம். 54பி வழியாக வேறு விவசாய நிலம் வாங்கி வரியைத் தவிர்க்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், வாங்கவே அனுமதி இல்லாதவருக்கு அது உதவாது.

பசலி முடியும் முன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, உங்கள் புல எண்ணுக்கு நேரே அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, ஒரு நகல் வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.