நிலத்தடி நீரை விண்ணிலிருந்து அளப்பது எப்படி? செயற்கைக்கோள்கள் போடும் 'எடைக் கணக்கு'

புது தில்லி: ஆழ்துளைக் கிணற்றில் அளவுநாடாவை இறக்கினால் அந்த இடத்தின் நீர்மட்டம் தெரிந்துவிடும். ஆனால், பல மாநிலங்கள் சேர்ந்த பெரும் பரப்பில் நிலத்தடி நீர் மொத்தமாக எவ்வளவு குறைந்தது என்பதைச் சில கிணறுகளைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இந்தக் கணக்கைப் போட விஞ்ஞானிகளுக்குக் கைகொடுப்பது பூமியின் ஈர்ப்பு விசை.

இரட்டைச் செயற்கைக்கோள்கள்

அமெரிக்காவின் நாசாவும் ஜெர்மனி விண்வெளி மையமும் இணைந்து 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை 2002 மார்ச் 17-ஆம் தேதி விண்ணில் செலுத்தின. அவற்றின் பணி 2017-இல் முடிவடைந்தது. அதன் தொடர்ச்சியாக 'கிரேஸ்-எஃப்.ஓ.' செயற்கைக்கோள்கள் 2018 மே 22-ஆம் தேதி ஏவப்பட்டன.

இவை சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றுகின்றன. நிறை அதிகமுள்ள பகுதியை நெருங்கும்போது, முன்னால் செல்லும் செயற்கைக்கோள் முதலில் ஈர்க்கப்படுவதால் இடைவெளி மிகச் சிறிதளவு கூடுகிறது. தலைமுடியின் தடிமனை விடவும் நுண்ணிய இந்த மாற்றத்தை நுண்ணலைக் கருவி அளவிடுகிறது. இந்த அளவீடுகளிலிருந்து மாதந்தோறும் பூமியின் ஈர்ப்பு வரைபடம் தயாரிக்கப்படுகிறது.

கழித்தல் கணக்கு

மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. காற்று, கடல் அலை ஏற்றங்களின் விளைவை நீக்கிவிட்டால், நிலப்பரப்பில் எஞ்சும் மாற்றம் பெரும்பாலும் நீரின் எடையே. அதில் பனி, ஆறு, நீர்த்தேக்கம், மண்ணின் ஈரம், நிலத்தடி நீர் ஆகிய அனைத்தும் அடங்கும். முதல் நான்கையும் கள அளவீடுகள், கணினி மாதிரிகள் மூலம் கணித்துக் கழித்தால், நிலத்தடி நீரின் மாற்றம் கிடைக்கும்.

எனினும், இதில் தெரிவது மாற்றம் மட்டுமே. வங்கிக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது தெரியும். இன்னும் எவ்வளவு இருப்பு உள்ளது என்பது தெரியாது.

வடமேற்கு இந்தியாவின் இழப்பு

இம்முறையில் மேற்கொள்ளப்பட்ட முக்கிய ஆய்வு ஒன்று 2009-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா (தில்லி உட்பட) பகுதிகள் 109 கன கி.மீ. நிலத்தடி நீரை இழந்ததாக நாசா விஞ்ஞானி மேத்யூ ரோடெல் தலைமையிலான குழு மதிப்பிட்டது. இது 3,800 டி.எம்.சி.க்கும் அதிகம். அக்காலத்தில் மழை ஏறக்குறைய இயல்பான அளவிலேயே பெய்தது. எனவே, பாசனத்துக்காக அளவுக்கு அதிகமாக நீர் உறிஞ்சப்பட்டதே காரணமாக இருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடும் இதே திசையையே காட்டுகிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரை 100 பங்கு எனக் கொண்டால், 2023 மதிப்பீட்டின்படி பஞ்சாபில் 160 பங்குக்கும் மேல் எடுக்கப்பட்டது. ராஜஸ்தான், ஹரியானாவிலும் அளவு 100-ஐத் தாண்டிவிட்டது. நெல்லும் கோதுமையும் விளையும் இப்பகுதியில் நீர்மட்டம் இறங்க இறங்க, விவசாயிகள் மேலும் ஆழமாகத் துளையிடவும், கூடுதல் திறன் கொண்ட மோட்டார்களைப் பொருத்தவும் வேண்டியுள்ளது.

முறையின் வரம்பு

சில நூறு கி.மீ. அகலமுள்ள பரப்பையே இச்செயற்கைக்கோள்களால் தெளிவாகப் பிரித்தறிய முடியும். ஒரு வட்டத்தின் நிலையையோ ஒரு கிராமத்தின் நிலையையோ அவை காட்டா. கழித்தல் கணக்கில் பயன்படும் மாதிரிகளின் பிழையும் விடையில் சேரும். மேற்கண்ட ஆய்வில் ஆண்டு இழப்பு 17.7 கன கி.மீ. எனக் கூறப்பட்டாலும், அது 4.5 கன கி.மீ. வரை கூடவோ குறையவோ வாய்ப்புண்டு என்றே குறிப்பிடப்பட்டது.

கோடையின் உச்சத்தில் நெல் நடவு செய்வதைத் தடுக்கும் சட்டங்களை பஞ்சாபும் ஹரியானாவும் 2009-இல் இயற்றின. இத்தகைய நடவடிக்கைகளால் ஓர் ஊரின் நீர்மட்டம் மீண்டதா என்பதைக் கண்காணிப்புக் கிணறுகளே சொல்ல வேண்டும். அந்தப் பெரும்பரப்பின் மொத்த இழப்பு குறைந்ததா என்பதைச் சொல்லச் செயற்கைக்கோள்கள் தேவை.