தண்ணி ஊர்ல இருந்து மணல் ஊருக்கு!

மன்னார்குடியில ரயில் ஏறினா பாலைவனத்து வாசல்ல போய் இறங்கலாம்னு சொன்னா நம்புவீங்களா? நம்புங்க பாஸ்! மன்னார்குடியில இருந்து தஞ்சாவூர் வழியா வாரம் ஒரு தடவை ஓடுற பகத் கி கோத்தி எக்ஸ்பிரஸ் போய் நிக்கிற இடம் ராஜஸ்தானோட ஜோத்பூர். ரெண்டு நாளுக்கு மேல பயணம். அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிச்சா ஜெய்சல்மர். அதுக்கு மேல மணல்... மணல்... மணல்தான்!

போன டிசம்பர் செமஸ்டர் லீவுல எங்க கேங் ஆறு பேர் கிளம்பினோம். ட்யூஷன் எடுத்து, பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு, வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி சேர்த்த காசு. ‘மணல்மேட்டுக்கு நடுவுல கூடாரம், ஒட்டகம், தலைக்கு மேல நட்சத்திரம்’னு போட்டோவைப் பார்த்ததும் யோசிக்காம ஒரு கேம்ப்புக்கு அட்வான்ஸ் கட்டிட்டோம்.

போய் இறங்கினா... தார் ரோட்டோரம் ஒரு காம்பவுண்டு. உள்ளே நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரி வரிசையா கூடாரங்கள், நடுவுல சிமென்ட் மேடை, கண்ணைப் பறிக்கிற போகஸ் லைட். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் டி.ஜே. அலறிச்சு. மணல் எங்கேன்னு கேட்டா, ரோட்டைத் தாண்டி கை காட்டினாங்க. ஒட்டக சவாரி? ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறதுக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க. நட்சத்திரம் ஒண்ணுகூட கண்ணுல படலை.

மறுநாள் மனசு கேட்காம வேற ஊர்ல ஒரு சின்ன இடத்தைத் தேடிப் போனோம். இந்தத் தடவை கேள்வி மேல கேள்வி கேட்டுட்டுத்தான் காசு கொடுத்தோம். அந்த ராத்திரிதான் நாங்க நினைச்சு வந்த ராத்திரி! ரெண்டுக்கும் வாடகையில பெரிய வித்தியாசம் இல்லை மக்களே. கேள்வியிலதான் வித்தியாசம். அந்தக் கேள்விகளை அப்படியே உங்ககிட்ட ஒப்படைக்கிறோம்.

கேள்வி 1: மணல் எவ்வளவு தூரம்?

ஜெய்சல்மர்ல ரெண்டு பேரு காதுல விழும். ஒண்ணு சம், இன்னொண்ணு குரி. ரெண்டுமே டவுன்ல இருந்து சுமார் 40 கிலோமீட்டர். சம் மணல்மேடு ரொம்ப ஃபேமஸ். கேம்ப்புகளும் அதிகம், கூட்டமும் அதிகம். குரி ஒரு கிராமம். மண்சுவரு, கூரை வேய்ந்த குடிசைகள், பக்கத்துலயே மணல். ஆட்டம் பாட்டம் வேணும்னா சம், அமைதி வேணும்னா குரின்னு தோராயமா வெச்சுக்கலாம். ஆனா, சம்லயும் தள்ளி ஒதுங்கி அமைதியா இருக்கிற கேம்ப் உண்டு. அதனால ஊர் பேரை மட்டும் நம்பாதீங்க. கேம்ப்போட லொகேஷனை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி, சாட்டிலைட் மேப்ல பாருங்க. கூடாரத்துக்கும் மணலுக்கும் நடுவுல ரோடு ஓடுதான்னு அதுவே காட்டிக் கொடுத்துடும்!

கேள்வி 2: பாட்டு யாரு பாடுவாங்க, எப்ப நிறுத்துவாங்க?

இது ரொம்ப முக்கியம். அந்தப் பாலைவனத்துக்குன்னே மாங்கணியார்னு பரம்பரை இசைக் கலைஞர்கள் இருக்காங்க. கமைச்சா, கர்த்தால்னு அவங்க வாத்தியங்களைக் கேட்டா சிலிர்க்கும். இன்னொரு பக்கம், கால்பேலியா மக்களோட பாட்டும் நடனமும் 2010-ல யுனெஸ்கோ பட்டியல்லயே இடம் பிடிச்சது. இவ்வளவையும் அரை மணி நேரத்துல முடிச்சுட்டு டி.ஜே. போடுற கேம்ப்புகளும் உண்டு. கல்யாணத்துல நாதஸ்வரத்தை ஓரங்கட்டிட்டு ஸ்பீக்கரை அலற விடுற நம்ம ஊர் கதைதான்! நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க்காரங்க நாம... இதுல ஏமாறலாமா?

கேள்வி 3: எத்தனை கம்பளி தருவீங்க?

‘பாலைவனம்னா சூடுதானே’ன்னு அரைக்கை சட்டையோட போனீங்கன்னா அவ்வளவுதான். டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்ல வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே சர்வசாதாரணமா இறங்கும். காரணம் சிம்பிள். மணல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். ஒரு கிலோ தண்ணியைச் சூடாக்க வேண்டிய வெப்பத்துல சுமார் அஞ்சுல ஒரு பங்கு போதும், ஒரு கிலோ மணலுக்கு. மேகமும் இல்லை, காத்துல ஈரமும் இல்லை. பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி வானத்துக்கே திருப்பிக் கொடுத்துடும். வயல் பூரா தண்ணி நிக்கிற ஊர்ல வளர்ந்த நமக்கு இது புதுசு!

தங்குறதுக்கு மூணு வகை இருக்கு. பாத்ரூமோட சேர்ந்த ஸ்விஸ் டென்ட், மண் குடிசை, இல்லைன்னா மணல்மேட்டுல கயித்துக்கட்டில் போட்டு வெட்டவெளியில தூக்கம். குளிருக்கு மண் குடிசை கில்லி. நட்சத்திரத்துக்குக் கயித்துக்கட்டில். நாங்க ராத்திரி கட்டில், விடிகாலை குடிசைன்னு பேசி வெச்சுக்கிட்டோம்.

கேள்வி 4: அன்னைக்கு நிலா எப்படி?

இதைக் கேம்ப்காரங்ககிட்ட கேட்க வேண்டாம், வீட்டு நாள்காட்டியைக் கேளுங்க. மணல்மேடு பால் மாதிரி ஜொலிக்கணும்னா பௌர்ணமி. நட்சத்திரம் கொட்டிக் கிடக்கணும்னா அமாவாசையை ஒட்டின நாட்கள். மார்கழி நடுராத்திரியில உச்சி வானத்துக்கிட்ட சிவப்பா மின்னுற திருவாதிரையை அங்கே பார்த்தப்போ, பாட்டி வாசல்ல உட்கார வெச்சுக் காட்டின அதே நட்சத்திரமான்னு ஆச்சரியமா இருந்துச்சு.

கேள்வி 5: பேக்கேஜ்ல என்னென்ன சேர்த்தி?

தலைக்கு ஆயிரத்துச் சொச்சத்துல இருந்து பல ஆயிரம் வரைக்கும் ரேட் சொல்வாங்க. டவுன்ல இருந்து வண்டி, ராத்திரி சாப்பாடு, காலை டிபன், ஒட்டக சவாரி எத்தனை நிமிஷம்... எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. ஹிந்தி தெரியாதேன்னு கவலை வேண்டாம். வாட்ஸ்அப்ல இங்கிலீஷ்ல கேட்டா பதில் வரும், அதுவே சாட்சியும் ஆச்சு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீங்க. ஒரிஜினல் அடையாள அட்டை அவசியம், அது பார்டர் மாவட்டம். கேங்ல கேர்ள்ஸ் இருந்தா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, பாத்ரூம் வரைக்கும் லைட் இருக்கா, அன்னைக்கு வேற குடும்பங்கள் தங்குறாங்களான்னு கேட்டுடுங்க. எங்க கேங்ல ரெண்டு கேர்ள்ஸ். முதல் நாள் கூடாரத்துக்கு ஜிப் மட்டும்தான், அதுவும் பாதியில மாட்டிக்கிச்சு. ராத்திரி பூரா ஆளுக்கொரு மணி நேரம் முழிச்சிருந்தோம். அந்தத் தப்பை நீங்க பண்ணாதீங்க.

ஜீப் சவாரியா... ஜாக்கிரதை!

மணல்ல ஜீப்பை ஏத்தி இறக்கிக் குலுக்குறது சூப்பர் த்ரில்தான். ஆனா, அந்தப் பகுதியிலதான் பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கு. அழிவின் விளிம்புல நிக்கிற கானமயில் வாழுற இடம் அது. உலகத்துலயே 150-க்கும் குறைவாத்தான் மிச்சம் இருக்கும்னு கணக்கிடுறாங்க. வெறும் தரையில முட்டை இடுற பறவை அது. பூங்காவுக்குள்ள புகுந்து ஓட்டுறேன், ராத்திரி லைட் போட்டு மிருகம் காட்டுறேன்னு யாராவது ஆசை காட்டினா, ‘வேண்டாம்’னு சொல்லிடுங்க.

கடைசியா ஒரு விஷயம்...

குரியில நாங்க குளிக்கக் கேட்டதும் ஆளுக்கு ஒரு வாளி தண்ணி வந்துச்சு. ஒரே ஒரு வாளி! முதல்ல முணுமுணுத்தோம். அப்புறம்தான் ஒட்டகக்காரர் விளக்கினார். ஜெய்சல்மர்ல வருஷத்துக்கே சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான். ஐப்பசியில நம்ம ஊர்ல ரெண்டு மூணு நாள்ல அது கொட்டித் தீர்த்துடும். கிராமத்துல ‘டாங்கா’ன்னு தரைக்கடியில தொட்டி கட்டி மழைத்தண்ணியைச் சேர்த்து வெச்சுக் குடிச்சிருக்காங்க. பஞ்சாப் ஹரிகே தடுப்பணையில இருந்து இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகுதான் அந்த மாவட்டத்துல பல இடங்களுக்கு ஆத்துத் தண்ணியே எட்டிப் பார்த்துச்சு. நமக்கு மேட்டூர், அவங்களுக்கு ஹரிகே!

‘உங்க ஊர்ல எப்படி?’ன்னு அவர் கேட்டார். முழங்கால் தண்ணியில நின்னு நாத்து நடுற போட்டோவைக் காட்டினோம். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் பக்கத்துல இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். நாம அவங்க மணலைப் பார்த்து வாயைப் பிளந்த மாதிரியே, அவங்க நம்ம தண்ணியைப் பார்த்து!

ஷவர், நீச்சல் குளம்னு விளம்பரம் பண்ற கேம்ப்பை விட, ஒரு வாளி தண்ணியை யோசிச்சுக் கொடுக்கிற கேம்ப்பைத் தேடுங்க. அங்கேதான் நிஜமான பாலைவனம் இருக்கு. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. அஞ்சு கேள்வியையும் கேளுங்க. பதில் சொல்லாம மழுப்பினா... ‘நன்றி அண்ணாச்சி’ன்னு சொல்லி அடுத்த நம்பரைப் பாருங்க!

என்ன... பெட்டியைக் கட்டியாச்சா? ஸ்வெட்டரை மறந்துடாதீங்க!