வாய் திறவாப் பலகை

லினக்ஸின் கருவாகிய கேர்னலைத் தம் தேவைக்கேற்பத் தாமே தொகுத்து, ஆர்ம் செயலி பொருந்திய சிறு பலகையில் ஏற்றுவோர் முதலிற் காண்பது பெரும்பாலும் மௌனமே. யூபூட் என்னும் ஏற்றுநிரல் 'கேர்னல் தொடங்குகின்றது' என அறிவித்ததும், தொடர்த்துறை வழியே திரைக்கு வரும் எழுத்துக்கள் நின்றுவிடுகின்றன. உடனே மீளத் தொகுக்கப் புகுதல் வீண். போனது உயிரா, குரல் மட்டுமா என்பதே முதல் வினா.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகை இதற்குச் சான்று. அதன் தொடர்த்துறையைப் பழைய செலுத்திநிரல் டிடிவைஓ0 என்றும், புதியது டிடிவைஎஸ்0 என்றும் வழங்கும். ஏற்றுநிரல் பழைய பெயரையே உரைக்க, அதனைத் திருத்தும் வசதியும் சேர்க்கப்படாதிருப்பின், கேர்னல் செவ்வனே இயங்கியும் வாய் திறவாது. இதயத்துடிப்பு வசதி சேர்க்கப்பட்டிருந்து, பலகையின் நீல விளக்கொன்று இரட்டைத் துடிப்பாய்ச் சிமிட்டின், கேர்னல் உயிருடன் உள்ளது, பிழை ஓரெழுத்தே.

விளக்கும் சிமிட்டாவிடின், டிவைஸ் ட்ரீ எனப்படும் கருவிமரத்தை ஐயுறல் வேண்டும். மேசைக் கணினியின் உறுப்புக்கள் பல, வினவினால் தம்மைத் தாமே அறிவிக்கும். ஆர்ம் பலகையிலோ எவ்வுறுப்பு எம்முகவரியில் உள்ளதென்பதை அம்மரமே கூறுகின்றது. வேறொரு பலகையின் மரத்தை ஏற்றிவிட்டு நாட்கணக்கில் அலைவோரும் உளர். தாழ்நிலைச் சோதனை வசதியை அப்பலகையின் துறைக்கேற்பத் தெரிந்து தொகுத்து, ஏர்லிபிரிண்ட்கே என்னும் கட்டளைச் சொல்லையும் கொடுத்தால், செலுத்திநிரல் விழிக்குமுன் கேர்னல் பேசும் முதற்சொற்கள் வெளிவரும். அது நின்ற இடமும் தெரியும்.